பார்வையும் பழியும்

புதுவைக்கு வருவோர் பலர். அவருள் அமைதி தேடி வருவோர் ஒரு சாரார். "கண்ணை மூடு, மூச்சைக் கவனி, உன் உள்ளே பார்" என்று அவர்களுக்கு உபதேசம் கிடைக்கிறது. கண்ணை மூடக் கற்றுத் தருவோர் இத்தனை பேர் உள்ள ஊரில், கண்ணைத் திறக்கக் கற்றுத் தருவோர் ஒருவரேனும் வேண்டாமா என்று நாம் எண்ணுவதுண்டு.

நாம் வாழ்வது கனகசெட்டிக்குளம். புதுவை நகரினின்றும் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே வடக்கு நோக்கி வந்தால், கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் எனத் தமிழ்நாட்டு ஊர்கள் குறுக்கிடும். அவற்றைக் கடந்தபின் காலாப்பட்டுப் பகுதியில் புதுவை மண் மீண்டும் தொடங்கும். அப்பகுதியின் வடகோடியில் கடலைப் பார்த்துக் கிடக்கிறது நம் ஊர். பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் தமிழ் நிலத்தைத் துணி கிழிப்பதுபோல் கிழித்துப் பங்கு போட்டனர். 1954 நவம்பர் 1-இல் ஆட்சி கை மாறிற்று. 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படி இணைப்பும் முடிந்தது. கிழித்தவர்கள் போய்விட்டார்கள், கிழிசல் மட்டும் நிலப்படத்தில் இன்றும் இருக்கிறது.

ஊர்ப் பெயரைச் சற்று உற்றுப் பாருங்கள். முதலில் கனகம், அதாவது பொன். நடுவில் சாதி. கடைசியில் தண்ணீர். பொன்னுக்கு முதலிடம், சாதிக்கு நடுவிடம், எல்லோர்க்கும் வேண்டிய தண்ணீருக்குக் கடைசி இடம்! இந்நாட்டின் வரிசையே அதுதானே என்று நகைத்துக்கொண்டே நாம் பலமுறை பேருந்திலிருந்து இறங்கியிருக்கிறோம். பேருந்து வரும் வழியில் பல்கலைக்கழகத்தின் வாயில் உண்டு. சிறைச்சாலையின் வாயில் உண்டு. மருத்துவமனையின் வாயில் உண்டு. அறிவுக்கு ஒரு கதவு, தண்டனைக்கு ஒரு கதவு, பிணிக்கு ஒரு கதவு. எந்தக் கதவில் யார் இறங்குகிறார்கள், எத்தகைய உடையில் இறங்குகிறார்கள் என்று ஒரு திங்கள் பார்த்தாலே போதும். சமுதாய நூல் ஒன்றைப் படித்த பயன் கிட்டும்.

ஆனால் நாம் பார்த்தோமா? இல்லை. பார்த்தும் பாராமலே ஆண்டுகள் சில கழித்தோம். அந்தக் கதையைச் சொல்லவும், அதிலிருந்து எழுந்த ஒரு வினாவை உங்கள் முன் வைக்கவுமே இக்கட்டுரை. வினா இதுதான்: தன்னைச் சுற்றி நடப்பதைக் காணாதிருப்பவன் குற்றவாளியா? கண்டும் அமைதியாக இருப்பவன் குற்றமற்றவனா?

பள்ளியில் நம் வகுப்பில் ஒரு மாணவன். நமக்குத் தெற்கேயுள்ள ஒரு மீனவர் குப்பத்திலிருந்து வருபவன். முதல் மணி அடித்துக் கால் மணி நேரம் சென்றபின் வருவான். இரண்டாம் பாடவேளையில் தலை சாயும். "சோம்பேறி" என்றோம். "பெற்றோர்க்கு அக்கறை இல்லை" என்றோம். வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே சிவப்பு மையால் 'தாமதம்' என்று எழுதினோம். ஒரு பருவத்தில் நாற்பத்தொரு முறை எழுதினோம். எழுதிய கை ஒருமுறையேனும் நடுங்கவில்லை. ஏன் என்று கேட்க வாய் ஒருமுறையேனும் திறக்கவில்லை. பகுத்தறிவு பேசும் வாய்தான் அது!

ஒருநாள் இரவு மின்சாரம் நின்றது. புழுக்கம் தாளாமல் விடியுமுன் எழுந்து கடற்கரைக்குச் சென்றோம். நான்கரை மணி இருக்கும். பைபர் படகுகளைத் தள்ளிக் கடலில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். படகின் பக்கவாட்டில் தோளை அண்டைகொடுத்து மூச்சடக்கித் தள்ளிய கூட்டத்தில் ஒரு சிறுவன். நம் மாணவன்! படகு அலையைத் தாண்டியதும் கரையேறி வந்தவன், நம்மைக் கண்டு நாணித் தலை குனிந்தான். நாணியிருக்க வேண்டியவர் யார் என்பது நமக்கல்லவா தெரியும்.

"இங்கே எப்படியப்பா வந்தாய்? உன் ஊர் தெற்கே அல்லவா?" என்று கேட்டோம்.

"எங்க குப்பத்துல படகு ஏத்த மண்ணு இல்லீங்க ஐயா. கடலு தின்னுடுச்சு. கல்லு கொட்டிட்டாங்க. கல்லு மேல எப்படிங்க படகு ஏத்துறது? அதான் அப்பா இங்க கொண்டாந்து வெச்சிருக்காரு. தள்ளிவுட ஆளு வேணும்ங்க" என்றான்.

படகை இறக்கிவிட்டு அவன் நடந்தே தன் குப்பத்திற்குத் திரும்புவான். குளித்து, கிடைத்ததை உண்டு, மீண்டும் பள்ளிக்கு நடப்பான். நாம் 'சோம்பேறி' என்று பட்டம் சூட்டிய பிள்ளை, நாம் கண் விழிக்குமுன் ஒரு பகல் வேலையை முடித்துவிட்டு வந்து நம் முன் அமர்ந்திருக்கிறான்! தாமதித்து வந்தவன் அவன் அல்லன். உண்மையிடம் நாற்பத்தொரு நாள் தாமதித்து வந்தவர் நாமே.

"கடல் தின்றுவிட்டது" என்றான் அவன். கடலுக்கு ஏன் பசி வந்தது? கரையிலிருந்த ஒரு முதியவரைக் கேட்டோம். "கடல் தாய்க்குக் கோபம் வாத்தியாரே, காலம் கெட்டுப்போச்சு" என்றார். அவரை எள்ளி நகையாட நமக்கு மனம் வரவில்லை. கடலோடு அறுபது ஆண்டு போராடியவர் அவர். காற்றின் திசையை முகத்தில் பட்ட அளவில் சொல்லக்கூடியவர். அவருக்குக் கிடைக்காதது கண் அல்ல, காரணம். அதை எடுத்துச் சொல்ல வேண்டிய படித்தவர்கள் சொல்லவில்லை. பூசாரிகள் சொல்ல வந்துவிட்டார்கள்.

காரணம் என்ன? இக்கீழைக் கடற்கரையில் மணல் ஓரிடத்தில் கிடப்பதன்று. ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து சாய்வாக வரும் அலைகள் மணலை வடக்கே தள்ளுகின்றன. வாடைக்காலத்துச் சில திங்களில் மட்டும் அது தெற்கே திரும்புகிறது. கூட்டிக் கழித்தால், ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான கனமீட்டர் மணல் வடக்கு நோக்கிப் பயணம் செய்கிறது. கடற்கரை என்பது மணலால் ஆன ஓர் ஆறு! அந்த ஆற்றின் குறுக்கே, 1980-களின் இறுதியில், அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. தெற்கிலிருந்து வந்த மணல் சுவருக்குத் தெற்கே குவிந்தது. வடக்கே போக வேண்டிய மணல் போகவில்லை. அலையோ தன் வழக்கப்படி வடகரையின் மணலை அள்ளிச் சென்றுகொண்டே இருந்தது. வரவு நின்று செலவு மட்டும் நடந்தால் எந்தக் குடும்பம்தான் நொடியாது?

முதலில் புதுவை நகரின் மணற்கரை மறைந்தது, கருங்கல் வந்தது. பிறகு அரிப்பு வடக்கே நகர்ந்தது. குப்பம் குப்பமாகக் கல் வந்தது. ஒவ்வொரு குப்பமும் தன்னைக் காக்கத் தூண்டில் வளைவு கேட்கிறது. கேட்பது குற்றமா? வீட்டுச் சுவர் இடிந்து விழும்போது வேறென்ன கேட்பார்கள்! ஆனால் ஒரு குப்பத்தின் தூண்டில் வளைவு மணலைப் பிடித்து நிறுத்தினால், அதற்கு வடக்கேயுள்ள குப்பம் அந்த மணலை இழக்கிறது. தெற்கே இருப்பவன் தப்பினால் வடக்கே இருப்பவன் தவிக்கிறான். அலைக்குப் புதுவை எல்லையும் தெரியாது, தமிழ்நாட்டு எல்லையும் தெரியாது. எல்லை தெரிந்த அதிகாரிகளுக்கோ அலை தெரியாது!

மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் பல ஊர்ச் சாமிகளும் தீர்த்தவாரிக்கு வருகின்றன. ஆண்டு தவறாமல் வருகின்றன. மணல் போன ஆண்டுகளிலும் வந்தன. கரையில் நின்றன, குளித்தன, திரும்பின. "அடியார்களே, மணல் குறைகிறது, கவனியுங்கள்" என்று ஒரு சாமியாவது சொன்னதுண்டா? சொன்னவர்கள் மனிதர்கள், அளந்து பார்த்தவர்கள், ஆண்டுக்காண்டு குறித்து வைத்தவர்கள். 2018-இல் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தார் நகரக் கடற்கரையை ஒட்டிக் கடலடியில் செயற்கைத் திட்டு ஒன்றை அமைத்தபின், காணாமற்போன மணற்கரையில் ஒரு பகுதி திரும்பி வந்ததை நகர மக்கள் கண்டார்கள். கூழ் ஊற்றி வரவில்லை. கணக்குப் போட்டு வந்தது. காரணம் அறிந்தால் கருமம் ஆற்றலாம். விதி என்று விட்டால் வீதியும் மிஞ்சாது.

இங்கே ஓர் உண்மையை நாம் நெஞ்சில் இருத்த வேண்டும். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை பாய்ந்தது. உலகமே பார்த்தது, உலகமே அழுதது, உதவிக்கும் ஓடி வந்தது. அதே கரையில் பல்லாண்டாக மணல் கைப்பிடி கைப்பிடியாக அகன்றது. அதைப் பார்த்து அழுதவர் சிலரே. விரைந்து வரும் கேட்டைக் கண் காணும்; மெல்ல வரும் கேட்டை மூளைதான் காண வேண்டும். சாதி மெல்ல வந்த கேடு. பெண்ணடிமை மெல்ல வந்த கேடு. நாள்தோறும் காண்பதால் அவை நம் கண்ணுக்குப் படாமலே போய்விடுகின்றன. பழக்கம் என்பது கண்ணில் விழும் படலம். அதற்கு அறுவை செய்யும் கத்திதான் பகுத்தறிவு.

நீதிமன்றத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு ஆட்சியில் இதே புதுவையில், தமிழ் வழக்கறிஞர் ஐரோப்பியரைப்போல் காலணி அணிந்து நீதிமன்றம் புகலாகாது என்ற நிலை இருந்தது. எத்தனை பேர் அதைக் கண்டிருப்பார்கள்! எத்தனை பேர் வாசலில் கழற்றிவிட்டுப் பணிந்து சென்றிருப்பார்கள்! 1873-இல் பொன்னுத்தம்பி என்ற வழக்கறிஞர் காலணியும் காலுறையும் அணிந்து உள்ளே நுழைந்தார். தடுத்தார்கள். பாரிசின் உயர் நீதிமன்றம் வரை வழக்காடி வென்றார். 1881-இல் வந்த ஆணையின்படி, விரும்பியவர் பழைய சாதி வழிச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சு உரிமைச் சட்டத்தை ஏற்கலாம் என்ற நிலை பிறந்தபோது, அவர் தமக்குச் சூட்டிக்கொண்ட பெயர் 'லா போர்த்'. 'கதவு' என்பது அதன் பொருள். எல்லோரும் பார்த்துப் பழகிய ஒன்றை ஒருவர் புதிதாய்ப் பார்த்தார்; ஒரு கதவு திறந்தது.

"பார்ப்பதெல்லாம் சரி, பார்த்து என்ன செய்வது? நாம் என்ன அமைச்சரா, பொறியாளரா?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. அவர்களுக்கு இலண்டன் நகரத்துத் தெரு ஒன்றைக் காட்டுகிறோம். 1854-இல் சோகோ பகுதியின் பிராடு தெருவைச் சுற்றிக் காலரா பரவிப் பத்தே நாளில் ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கெட்ட காற்றால் வருவது அந்நோய் என்பதே அன்றைய படித்தவர்களின் முடிவு. ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் வீடு வீடாக நடந்தார். எந்த வீட்டில் எத்தனை சாவு என்று குறித்தார். எங்கே தண்ணீர் எடுத்தார்கள் என்று கேட்டார். சாவுகள் ஒரு தெருக்குழாயைச் சுற்றி மொய்த்திருந்தன. அதே தெருவில் இருந்த மதுவடிப்புச் சாலையின் தொழிலாளர் அந்தக் குழாய் நீரைக் குடிக்கவில்லை, அவர்கள் தப்பியிருந்தார்கள். செப்டம்பர் 8-இல் குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. முதலில் ஸ்னோவை நம்பாத ஒயிட்ஹெட் என்னும் பாதிரியார், தாமே வீடு வீடாகச் சென்று விசாரித்து, பின் ஸ்னோவின் பக்கம் சேர்ந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அங்கி எவருடையதாயினும் கண் திறந்தால் உண்மை தெரியும். ஸ்னோவிடம் படை இல்லை, பதவி இல்லை. கால் இருந்தது, கண் இருந்தது, ஒரு குறிப்பேடு இருந்தது.

நம் ஊருக்கும் அத்தகைய கண் வேண்டும். 2024 ஜூன் 11-இல் புதுவை ரெட்டியார்பாளையம் புதுநகரில், பாதாளச் சாக்கடையின் நச்சுவாயு வீட்டுக் கழிவறை வழியே ஏறி மூன்று உயிர்களைக் குடித்தது. சாக்கடை நம் வீட்டுக்குள் வந்தபோது நாம் நடுங்கினோம். சாக்கடைக்குள் மனிதன் போனபோது நடுங்கினோமா? இந்நாட்டின் எத்தனையோ நகரங்களில் அந்தக் குழிக்குள் இறங்கி மாண்டவர்கள் உண்டு. அவர்கள் எந்தச் சாதியில் பிறந்தவர்கள் என்று கேட்கத் தேவையில்லாமலே விடை தெரிகிறதே, அதுவே இச்சமுதாயத்தின் மீது எழுதப்பட்ட தீர்ப்பு. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993-இல் ஒரு சட்டம், 2013-இல் மற்றொரு சட்டம். சட்டத்துக்கும் கண் வேண்டும். அந்தக் கண் தெருவில் நடக்கும் நம்முடையது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. பார்வை எல்லாம் ஒரே பார்வை அல்ல. வேடிக்கை பார்ப்பவன் ஒருவன்: அவனுக்கு அடுத்தவன் துன்பம் பொழுதுபோக்கு. வேவு பார்ப்பவன் மற்றொருவன்: அடுத்த வீட்டுப் பெண் எத்தனை மணிக்கு வந்தாள், யாரோடு பேசினாள், எந்தச் சாதிப் பையனோடு நடந்தாள் என்று கணக்கெடுப்பது அவன் தொழில். தெருவின் காவலன் என்று தன்னைச் சொல்லிக்கொள்வான். உண்மையில் சாதியின் ஒற்றன். காதலித்த குற்றத்துக்காக இளம் உயிர்கள் வெட்டப்படும்போதெல்லாம், அரிவாளுக்கு முன்னால் இத்தகைய ஒரு கண் போயிருக்கிறது. மூன்றாமவன் உற்றுநோக்குபவன். வேவுக்கண் இரவில் வீடு திரும்பும் பெண்ணைப் பார்க்கிறது. உற்றுநோக்கும் கண் அவள் நடந்துவரும் தெருவில் விளக்கு எரியாததைப் பார்க்கிறது. முன்னது மனிதரைப் பார்த்துப் பழி தேடுகிறது. பின்னது ஏற்பாட்டைப் பார்த்துக் காரணம் தேடுகிறது. நமக்கு உரியது பின்னதே. மனிதரின் அந்தரங்கம் அவருக்கு உரியது; மனிதரை வதைக்கும் வழக்கமோ அனைவரின் ஆராய்ச்சிக்கும் உரியது.

காலையில் பேருந்து நிறுத்தத்தில் மீன்கூடையோடு நிற்கும் அம்மையாரைப் பாருங்கள். கூடை ஏறியதும் மூக்கைப் பொத்தும் கனவான்களையும் பாருங்கள். அதே கனவான் வீட்டில் நண்பகலில் அதே மீன் குழம்பாகும்போது அதே மூக்கு மலர்கிறது! மீனுக்கு இலையில் இடமுண்டு. மீன் சுமந்தவளுக்கு இருக்கையில் இடமில்லை. இதைக் காண நூலகம் வேண்டாம், தவம் வேண்டாம், குரு வேண்டாம். பத்து நிமிடப் பயணம் போதும்.

இனி நம் வினாவுக்கு விடை காண்போம். அறிய வழியில்லாததை அறியாதிருப்பது குற்றமாகாது. கரையிலிருந்த முதியவரை எவரும் பழிக்க முடியாது. கேட்டால் தெரியும் என்ற நிலையில் கேளாதிருப்பது குற்றம்; நாற்பத்தொரு முறை எழுதிய நம் சிவப்பு மை அதற்குச் சான்று. கண்டபின் வாய் மூடியிருப்பதோ, குற்றத்தில் பங்கு. எவ்வளவு பங்கு? நம் கைக்கு எட்டும் அளவு. மணலைத் திருப்பிக் கொண்டுவருவது தனியொருவன் கைக்கு எட்டாது; அதற்கு ஊர் கூட வேண்டும், எல்லை தாண்டி ஊரோடு ஊர் கூட வேண்டும், அரசு அசைய வேண்டும். ஆனால் பதிவேடு நம் கையில்தானே இருந்தது! கைக்கு எட்டியதைச் செய்யாதவன், எட்டாததைப் பற்றி மேடையில் முழங்கினால் அது முழக்கமன்று, வெறும் ஓசை.

ஆகவே அடுத்த நாள் வகுப்பில், எல்லா மாணவரும் இருக்க, "தவறு எம்முடையது தம்பி" என்றோம். காரணத்தைப் பதிவேட்டில் எழுதினோம். அவன் விட்ட முதற்பாடத்தை மாலையில் நடத்துகிறோம். அந்த மாலை வகுப்புக்கு இன்னும் நால்வர் வந்து சேர்ந்தார்கள். அப்போதுதான் தெரிந்தது, தாமதத்துக்கு ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருந்தது. அவற்றையும் நாம் கேட்டதில்லை. இதனால் உலகம் மாறிவிட்டதா? இல்லை. அவன் இன்றும் நான்கரை மணிக்குப் படகு தள்ளுகிறான். அவன் குப்பத்தில் இன்றும் கல்தான் இருக்கிறது, மணல் இல்லை. ஆயினும் அவன் தலை இப்போது நாணத்தால் குனிவதில்லை. களைப்பால் சாய்கிறது, அதற்கு யாரைக் கேள்வி கேட்க வேண்டும் என்பது அவனுக்கும் தெரிந்துவிட்டது.

அன்று கூட்டத்தை நோக்கி அவன் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. "அந்தச் சுவரக் கட்டுறதுக்கு முன்னாடி யாருமே கடலப் பாக்கலீங்களா ஐயா?" விடை சொல்ல நமக்கு நா எழவில்லை.

இளைஞர்களே! புராணம் பொய் என்று மெய்ப்பிப்பது நம் பணியில் பாதி. நம் தெருவின் மெய்யைக் கண்டுபிடிப்பது மறுபாதி. முதற்பாதியில் நாம் வல்லவர். மறுபாதியில் நாம் பிள்ளைகள். வாரத்தில் ஒரு மணி நேரம், ஒரு தெரு, ஒரு குறிப்பேடு. யார் பெருக்குகிறார்? யார் குப்பை போடுகிறார்? குழாயடியில் யார் காத்திருக்கிறார்? தேநீர்க் கடையில் யார் அமர்கிறார், யார் நின்றே குடிக்கிறார்? எந்த வீட்டில் பெண் கடைசியாக உண்கிறாள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு அடுத்த வீட்டை எட்டிப் பார்க்க வேண்டாம், நம் வீட்டுச் சமையலறையே போதும். குறித்தபின் கேளுங்கள், "கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்று நம் மக்களே சொல்லி வைத்திருக்கிறார்கள். விசாரித்தபின் பேசுங்கள். பேசியபின் கைக்கு எட்டியதைச் செய்யுங்கள்.

கண்ணை மூடி அமைதி காண விரும்புவோர் காணட்டும். அது அவர் உரிமை. நம் மாணவன் கேட்ட கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர்களுக்கு அந்த அமைதி இப்போதைக்கு இல்லை. நாளை நம் தெருப்பிள்ளை ஒருவன் "அப்போது யாருமே பார்க்கவில்லையா?" என்று கேட்கும்போது, "பார்த்தோம், சொன்னோம், செய்தோம்" என்று சொல்லும் தகுதியை இன்றே தேடிக்கொள்வோம்!